நாய் வாத்தியார் நாற்காலியான கதை

என் வீட்டுக்காரரைப் பற்றித் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் நாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். "அவர் ஒரு பார்வை பாத்தா போதும்மா, எப்பேர்ப்பட்ட நாயும் உக்காந்துரும்" என்கிறார்கள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளுக்குள் எரிச்சலாக வருகிறது. நாயை உட்கார வைப்பதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? பிஸ்கட்டைக் காட்டினால் நானே உட்கார வைப்பேன். அந்த மனுஷன் செய்த காரியம் வேறு. கிட்ட இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் சொல்லாவிட்டால் அது என்னோடு போய்விடும்.

தெருவில் அவருக்கு நாய் வாத்தியார் என்று பெயர். அதனால் நான் வாத்தியாரம்மா ஆகிவிட்டேன், பள்ளிக்கூடம் பக்கமே அதிகம் போகாமல். எனக்குத் தையல் வேலை. வீட்டின் முன்னறையில் ஜன்னலை ஒட்டி மெஷினைப் போட்டுக்கொண்டு, தெருவையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, ஊராரின் கால்சட்டைகளை நீளம் குறைத்துக் கொடுப்பேன். அவருக்கு மதில் கட்டிய ஒரு மைதானத்தில் வேலை. கிடங்குக் காவலுக்குப் போக வேண்டிய நாய், செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்த நாய், ஆளைக் கண்டாலே மேலே பாய்கிற நாய் எல்லாம் அங்கே வரும். சாயங்காலம் சட்டை முழுக்க ரோமத்தோடு நேரே வீட்டுக்கு வருவார். சட்டைப் பையில் வேகவைத்து உலர்த்திய ஈரல் துண்டு இருக்கும். துவைக்கும்போது பையைப் பார்க்க மறந்தால் தொலைந்தது, வாளித் துணி மொத்தமும் நாறும்.

"உங்களைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு நாய்கூடப் படாது" என்று கத்துவேன்.

"நாய் எதுக்குப் பாடு படுது? அதை நான் நல்லாத்தானே வெச்சிருக்கேன்" என்பார்.

எந்தக் கட்டளையையும் அவர் இரண்டாவது தடவை சொல்ல மாட்டார். ரெண்டாவது தடவை சொன்னால், முதல் தடவை சொன்னது சும்மா என்று நாய் நினைத்துக்கொள்ளுமாம். வீட்டிலும் அப்படித்தான். நானோ ஒன்றையே நூறு தடவை சொல்லுகிற ஜாதி. "குழாயைச் சரி பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று நான் கேட்டால், "நீ எப்படியும் இன்னொரு தடவை சொல்லுவேல்ல, அதுக்குத்தான் காத்துட்டிருக்கேன்" என்று சிரிப்பார். அப்படி ஒரு அழுத்தக்காரர்.

எங்களுக்கு ஒரே மகள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பார்வை குறைந்துகொண்டே வந்தது. டாக்டர்கள் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. பள்ளிப் படிப்பு முடிவதற்குள் வெளிச்சம் இருட்டு தெரிகிற அளவுதான் மிஞ்சியது. பிறகு அதுவும் போயிற்று. நான் அழுதேன், சண்டை போட்டேன், கையில் கிடைத்ததை எல்லாம் வீசினேன். அவர் அவளுடைய பாடப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மைதானத்தில் உட்கார்ந்துதான் வாசிப்பார். அதனால் சரித்திரப் பாடத்தின் நடுவில், அரசர் படையெடுத்துக் கிளம்புகிற இடத்தில், "ஏய், நில்லு! கீழ போடு!" என்று ஒரு அதட்டல் கேட்கும். பரீட்சைக்குப் படிக்கும்போது அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் அந்த இடங்களை அழிக்காமல் விட்டார் என்று நினைக்கிறேன்.

படிப்பு முடிந்து அவளுக்கு ஒரு பஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. விசாரணைப் பிரிவில் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது வரும் என்று போனில் பதில் சொல்கிற வேலை. ஆபீஸ் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் வழியில் இரண்டு பெரிய ரோடுகளைக் கடக்க வேண்டும். யாராவது கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரலாம் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. என் வாயும் அவருடைய அழுத்தமும் சேர்ந்து பிறந்தவள் அவள்.

"தினமும் ஒருத்தர் கையப் பிடிச்சுக்கிட்டுப் போறதுக்குப் பேரு வேலைக்குப் போறதாம்மா? நானாப் போகணும். நானா வரணும். இல்லேன்னா வேண்டாம்."

அவர் அதற்கு முன்பே ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். கறுப்பு லாப்ரடார் பெண் குட்டி. பெரிய பிஸ்கட் டப்பாவுக்குள் சுருண்டு படுத்துத் தூங்கியதால் என் மகள் அதற்கு டப்பா என்றே பெயர் வைத்துவிட்டாள். "இவ்வளவு அழகான நாய்க்கு இப்படி ஒரு பேரா?" என்று நான் சண்டைக்குப் போனேன். கூப்பிட நறுக்கென்று இருக்கிறது என்று அவர் ஒத்துக்கொண்டார்.

டப்பாவை அவர் தயார் செய்த அழகை என்னவென்று சொல்வேன்! பார்வையில்லாதவர்களைக் கூட்டிப்போகிற நாய்க்கு முதுகில் ஒரு பட்டை, அதிலிருந்து நீளமாக ஒரு கைப்பிடி. அந்தப் பட்டையை நான்தான் தைத்தேன். தோல் தடிமனில் என் மெஷின் ஊசி முறிந்துகொண்டே இருந்தது. அவர் தன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில் தெருவில் நடப்பார். ஜனங்கள் சிரித்தார்கள். முட்டியில் சிராய்ப்பு, நெற்றியில் வீக்கம். ஒரு கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தால் நாய் அதற்குக் கீழே தாராளமாகப் போகலாம். கூட வருகிறவரின் மண்டை உடையும். தன் தலைக்கு மேலே, தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு உயரத்தை ஒரு நாய் நினைத்துப் பார்க்க வேண்டும் என்றால் அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? சொல்லிக் கொடுத்தார். இன்னொன்றும் உண்டு. "நேரா" என்று சொன்னாலும் வண்டி வந்தால் போகக் கூடாது. சொன்ன பேச்சைக் கேட்கிற நாயாக ஆக்கிவிட்டு, எப்போது கேட்கக் கூடாது என்பதையும் அதற்கே விட்டுவிட வேண்டும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

பிறகு கைப்பிடியை மகளிடம் கொடுத்தார். முதலில் பக்கத்தில் நடந்தார், பிறகு பின்னால் நடந்தார். கடைசியில், "இனிமே நீயே போ. நான் வரல" என்று வாசலில் நின்றுகொண்டார். அவள் போனாள், ஆபீஸ் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மறுநாளும் அப்படியே. வேலையில் சேர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. தினமும் ஒத்திகை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கால்சட்டை கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் அவருக்குப் பல்வலி வந்தது. கடிநாய் வாயில் கையை விடுகிற மனுஷனுக்குப் பல் டாக்டர் என்றால் குலை நடுக்கம். கன்னம் வீங்கிய பிறகு நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். அவரை நாற்காலியில் சாய்த்து, பல்லைப் பிடுங்கி, வாய் நிறையப் பஞ்சை அடைத்திருந்தார் டாக்டர். கதவு திறந்தது. டப்பா உள்ளே வந்தது. பின்னால் கைப்பிடியோடு என் மகள்.

டப்பா நேரே அவரிடம் போய், தொங்கிக்கொண்டிருந்த அவர் கையில் மூக்கை வைத்து, வேலையை ஒழுங்காக முடித்த திருப்தியோடு உட்கார்ந்தது.

"இது எந்த இடம்? ஏன் மருந்து வாசனை அடிக்குது?" என்றாள் மகள்.

"பல் டாக்டர் வீடுடி" என்றேன். "நீ எப்படி இங்க வந்தே?"

அவள் கையை நீட்டித் தடவினாள், நாற்காலி தட்டுப்பட்டது, அவர் தோள் தட்டுப்பட்டது. என்னைவிட அவளுக்குத்தான் முதலில் புரிந்தது.

"அப்பா, இத்தனை நாளும் நீங்க என் பின்னாடியே வந்தீங்களா?"

பஞ்சு அடைத்த வாயோடு அவர் தலையாட்டினார். தலையாட்டினால் அவளுக்குத் தெரியாது என்பதுகூட அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. நான்தான், "ஆமாம்டி. தலையாட்டறார்" என்றேன்.

அவ்வளவுதான் விஷயம். மைதானத்துக்குச் சீக்கிரம் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தினமும் எதிர்ச்சாரியில், மரத்துக்கும் கடைக்கும் பின்னால் ஒளிந்து ஒளிந்து கூடவே போயிருக்கிறார். டப்பா அவளைக் கூட்டிப்போகவே இல்லை. அவர் வாசனையைப் பிடித்துக்கொண்டு அவரோடு போயிருக்கிறது. அவர் இல்லாத முதல் நாள், அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகள் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அவள் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினாள். "நான் தனியா நடக்கறேன்னு நெனச்சு எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? டப்பாவ நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு அந்த வேலை வேண்டாம்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உங்க வித்தை எல்லாம் எங்கே போச்சு? ஊர் நாய்க்கெல்லாம் பாடம் எடுக்கத் தெரியுது, பெத்த பொண்ணை நம்பத் தெரியலையா?" என்று பிடி பிடியென்று பிடித்தேன். "அடுத்தவங்க நாய்னா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துத்தான் ஒளிவேன்" என்றார் வீங்கிய வாயோடு. "என் பொண்ணு ரோட்டுல இறங்கினதும் காத்தையே மறந்துட்டேன்."

மறுநாள் என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். டப்பாவுக்கு அவர் வாசனை சாகிறவரை மறக்காதாம். மறக்கடிக்க முடியாது. ஆனால் அவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அதற்குப் புரிய வைக்க முடியும். சாப்பாடு, தண்ணீர், சீப்பு, செல்லம், எல்லாம் மகளிடமிருந்து மட்டுமே வர வேண்டும். அவரிடமிருந்து ஒரு வார்த்தை கூடாது, ஒரு பார்வை கூடாது.

"திட்டினா?"

"திட்டறதும் ஒரு பேச்சுதானே. அதுவும் கூடாது. இந்த வீட்டுல நான் ஒரு நாற்காலி. அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. ரெண்டு நாளில் போதும் என்று விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அடேயப்பா, அந்த மனுஷனுடைய வைராக்கியத்தை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்!

குட்டியிலிருந்து தன் மடியில் வளர்ந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு வரும். அவர் சுவரைப் பார்ப்பார். முழங்காலில் முகவாயை வைக்கும். அவர் டீ டம்ளரைப் பிடித்த பிடி இறுகும், கை அசையாது. அவர் செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து காலடியில் வைத்துவிட்டு, நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கும். அவர் அப்படியே எழுந்து வெறுங்காலோடு வெளியே போவார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் டப்பா அறைக்கு அறை அலைந்து முனகும். ஒருநாள் தாங்க முடியாமல் சமையலறையில் நின்று அழுதேன். அவர் வந்து என் தோளில் கை வைத்தார்.

குரலைக் கேட்டால் நாய் திரும்புகிறது என்று வீட்டுக்குள் பேச்சையும் நிறுத்திவிட்டார். என்னோடு எல்லாம் ஜாடைதான். உப்பு வேண்டுமென்றால் விரலை நக்கிக் காட்டுவார். சண்டையை எப்படி ஜாடையில் போடுவது? நான் வாய் கிழியக் கத்துவேன், அவர் ரெண்டு கையையும் கூப்புவார். மகளுக்கு ஜாடை தெரியாதே! அவளோடு பேச வேண்டுமென்றால், டப்பாவை என்னிடம் விட்டுவிட்டு அவள் மொட்டைமாடிக்குப் போக வேண்டும். முதலில் அவள் கோபத்தில் போகவில்லை; டப்பாவுக்குச் சாப்பாடு வைப்பதோடு சரி. பிறகு, வீட்டில் அவர் குரலே இல்லாததைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் தானாகப் படியேறிப் போனாள். இரண்டு பேரும் என்ன பேசினார்களோ தெரியாது. இறங்கி வந்து, மேஜையில் கிடந்த பட்டையை எடுத்து டப்பாவுக்கு மாட்டினாள்.

அதன் பிறகு அவள் பின்னால் போனது விசில். அவரோடு மைதானத்தில் வேலை பார்த்தவர். எப்போதும் எதையாவது சீட்டியடித்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். டப்பாவுக்கு அவர் யாரோ எவரோ. அவர் பின்னால் வருவதை மகளிடம் சொல்லிவிட்டே அனுப்பினோம். முதல் வாரம் டப்பா தெருமுனையில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. அடுத்த வாரம் வழி தவறியது. என் வீட்டுக்காரர் வீட்டில் உட்கார்ந்தபடி விசில் வந்து சொல்வதைக் கேட்டுக்கொள்வார். அவள் வெளியே போயிருக்கிற நேரம் முழுக்க, என் மெஷினுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கால் துடிப்பது எனக்குத் தெரியும். போகவில்லை. பெற்ற பிள்ளைக்காக ஓடுகிறவர்களை எங்கும் பார்க்கலாம். ஓடாமல் உட்கார்ந்திருந்தவரை நான் அங்கேதான் பார்த்தேன்.

வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கியது. விசில் ஒருநாள் காலையில் வந்து, "இனிமே உங்க பரீட்சைதான் பாக்கி, வாத்தியாரே" என்றார். அன்றைக்கு இவர் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டார். பையில் ஈரலை நிறைத்துக்கொண்டார். வீட்டுக்கு எதிரே உள்ள நடைபாதையில், பேக்கரிக்கு முன்னால், காற்று தன்மேல் பட்டு டப்பா வருகிற பக்கம் போகிற மாதிரி பார்த்து நடுவில் நின்றுகொண்டார். பரீட்சை என்று மகளுக்குத் தெரியாது. தெரிந்தால் அவள் கை இறுகும், அது நாய்க்குத் தெரிந்துவிடும். நான் ஜன்னலில் நின்றேன்.

டப்பா வந்தது. தூரத்திலேயே மூக்கைத் தூக்கிற்று. நடை தளர்ந்தது. அவருக்கு முன்னால் வந்து நின்றேவிட்டது. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டப்பா? ஏன் நிக்கறே? நேரா" என்றாள் மகள்.

டப்பா அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தது. பிறகு ஒதுங்கியது. தான் மட்டும் ஒதுங்கவில்லை. அவளுக்கும் சேர்த்து இடம் விட்டு, ஒரு கம்பத்தைச் சுற்றுவதுபோல அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் தன் அப்பாவைக் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அவர் இருப்பதே தெரியாமல், தலை நிமிர்ந்து நடந்து போனாள்.

நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். அவர் பேக்கரிப் படியில் உட்கார்ந்து, முகத்தில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்துக் கையை விலக்கினால், சிரிக்கிறார். அழுதுகொண்டே சிரிக்கிறார். "என்னைச் சுத்திட்டுப் போயிருச்சு, பாத்தியா? நான் ஒரு ஆளே இல்லேன்னு போயிருச்சு, பாத்தியா!" என்றார். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லாத மனுஷன் அன்றைக்கு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவள் வேலையில் சேர்ந்தாள். வருஷங்கள் ஓடின. அவர் வீட்டில் மறுபடி பேச ஆரம்பித்தார், சிரித்தார், என்னிடம் திட்டு வாங்கினார். ஆனால் டப்பாவை மட்டும் தொடவே இல்லை. "இப்ப தொட்டா ஒண்ணும் ஆகாது, வாத்தியாரே. அது அவளோட நாயாயிடுச்சு" என்று விசிலே சொன்னார்.

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆகவும் ஆகலாம். ரோட்டுல நிக்கறது என் பொண்ணு" என்றார் இவர்.

ஒரே வீடு, ஒரே கூடம். ஊரிலுள்ள நாயையெல்லாம் தடவிக்கொடுத்த கை, தன் வீட்டு நாயின் தலையில் படவில்லை.

போன மாதம் அவர் இதயம் பலவீனமாகிப் படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் காலை, மகள் பட்டை மாட்டாமல் டப்பாவைக் கூட்டிக்கொண்டு அவர் கட்டிலருகே வந்தாள். மண்டியிட்டு உட்கார்ந்தாள். டப்பாவுக்கும் முகவாய் நரைத்துவிட்டது.

"அப்பா, போதும்ப்பா. ஒரு தடவை தொடுங்க. எனக்காக."

அவர் டப்பாவைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து, அத்தனை வருஷத்தில் அதை அவர் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். பார்த்துவிட்டு, போர்வைக்கு வெளியே கிடந்த கையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இன்னிக்கு உனக்கு டியூட்டி இருக்குல்லம்மா?" என்றார்.

"இருக்குப்பா."

"அப்ப கிளம்பு. நேரமாச்சு."

அவள் கிளம்பினாள். எழுந்து பார்க்க அவரால் முடியவில்லை. நான் ஜன்னலில் நின்று, "தெருமுனைக்குப் போயாச்சு... நிக்கறா... ஒரு லாரி போகுது... இப்ப தாண்டறா... தாண்டிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். அன்று மத்தியானம் அவர் போய்விட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் ஆபீஸுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவள்தான். "வணக்கம், பஸ் விசாரணை. சொல்லுங்க" என்றாள். எனக்கு வார்த்தை வரவில்லை. என் மூச்சைக் கேட்டே தெரிந்துகொண்டாள். "அம்மா?" என்றாள்.

"யாரையாவது வண்டியோட அனுப்பட்டுமா? விசில வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்மா. நாங்க வந்துடறோம்."

நான் வாசலில் போய் நின்றேன். தெருமுனையில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அவள் முகம் முழுக்கக் கண்ணீர், துடைக்கக்கூட இல்லை. நடை மட்டும் எப்போதும் நடக்கிற நடை. ரோட்டு ஓரத்தில் டப்பா நின்றது, அவளும் நின்றாள். ஒரு வண்டி போகும்வரை காத்திருந்தார்கள். ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று என் உடம்பெல்லாம் பதறியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பேர் சொல்லிக் கூப்பிடக்கூட இல்லை. அவர்கள் ரோட்டைத் தாண்டி, நடைபாதை ஏறி, வாசற்படிக்கு வரும்வரை நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.